ரூடியின் கண்களும் மூன்று பேட்டரிகளும்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, சின்ன வயசு ஞாபகத்துக்கு ஒரு பழைய பின்பால் மெஷின் வாங்கணும். எதை வாங்கலாம்?" அவர் கேட்ட அன்றுதான் என்னிடம் உள்ள ஃபன்ஹவுஸ் என்ற பின்பால் மெஷினின் சர்க்யூட் போர்டு கோலாலம்பூரில் பழுது பார்த்து பினாங்குக்குத் திரும்பியிருந்தது. 850 வெள்ளி. கோபம் இன்னும் ஆறவில்லை.

வில்லியம்ஸ் நிறுவனம் 1990இல் வெளியிட்ட மெஷின் இது, பேட் லாலர் வடிவமைத்தது. இரும்புப் பந்தைத் தட்டி ஆடும் சாய்ந்த ஆட்டப் பலகையின் மேல்பக்கம் ரூடி என்ற பொம்மைத் தலை இருக்கிறது. பந்து இடப்பக்கம் ஓடினால் அவன் கண்களும் இடப்பக்கம் திரும்பும். ஆட ஆட மெஷினின் கடிகாரம் நகரும். நள்ளிரவானதும் ரூடி வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவான். அந்த நேரம் பார்த்து பந்தை வாய்க்குள் அடித்தால், தூக்கம் கலைந்து கத்துவான். ஆறு வருடமாக ஆடுகிறேன், அந்த அடி விழும்போது இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. 20,000க்கு மேல் விற்ற 1992ஆம் வருட ஆடம்ஸ் ஃபேமிலியும் அருமையான மெஷின்தான். ஆனால் அது என்னைப் பார்ப்பதில்லை. ரூடி பார்க்கிறான்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். மெஷினின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பெட்டியில், அதன் மூளையான போர்டின் மேலேயே மூன்று சிறிய பேட்டரிகள். அமைப்புகளையும் அதிகபட்ச புள்ளிகளையும் நினைவில் வைக்கத்தான் அவை. கசிந்தால் உள்ளே இருக்கும் ரசாயனம் நேராகக் கீழே உள்ள சில்லுகளில் இறங்கும். எனக்கு அதுதான் நடந்தது. பந்து வாய்க்குள் போகும், மெஷினுக்குத் தெரியாது. பந்து எங்கோ இருக்க, ரூடி வேறெங்கோ பார்ப்பான். திறந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று பூத்துக் கிடக்கிறது. விற்றவர் "எல்லாம் மாத்தியாச்சு" என்றார். நானும் திறந்து பார்க்காமல் நம்பினேன்.

நியாயமாகச் சொன்னால், செய்தவர்கள் சில வருடம் கடையில் காசு பார்க்கத்தான் இதைச் செய்தார்கள். முப்பது வருடம் கழித்து ஒரு தாமான் வீட்டில், கடல் காற்றில் நிற்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? இப்போது பேட்டரியே தேவைப்படாத நினைவகச் சில்லு போட்டாயிற்று. முதல் வாரமே அதைச் செய்திருக்க வேண்டும்.

"அப்போ ஃபன்ஹவுஸையே தேடட்டுமாண்ணே?" என்றார் தம்பி. வேண்டாம் என்றேன். அவருக்குக் கப்பல் வேலை. மாதக்கணக்கில் பூட்டிய வீட்டில், இந்த ஈரப்பதத்தில், பழைய மெஷின் தாங்காது. 1997இல் வந்த மெடீவல் மேட்னஸைப் புதிய போர்டுகளோடு மறுபடியும் தயாரித்தார்கள், அதில் ஒன்று கிடைத்தால் எடுங்கள் என்றேன். அதில் வரும் கோட்டை இடிந்து விழுவதைப் பார்க்க நன்றாகவே இருக்கும்.

என்னுடையதைத் தருவீர்களா என்று கேட்டார். தர மாட்டேன். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு அந்த வாய்க்குள் ஒரு பந்து போட்டேன், மெஷின் சரியாக எண்ணியது.