நாலு தலை டோசிங் பம்பு, மூன்று வருடம்: விரல் நீளக் குழாய் ஒன்று படுத்தும் பாடு

பவளத் தொட்டியில் கரைசல்களை அளந்து சொட்டவிடும், தலைக்கு ஒரு கரைசல் தள்ளும் நாலு தலை டோசிங் பம்பு விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று சுங்கை சிப்புட் தம்பி ஒருவர் கேட்டார். மோட்டார், திரை, நேர அமைப்பு எல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கும். பெட்டியில் எழுதாததைச் சொல்கிறேன்.

முதலில் நல்லது. சத்தமே இல்லை. மத்தியான இடிமழையில் கரெண்ட் போய் வந்தாலும் கடிகாரம் பிசகுவதில்லை. என் தொட்டி 300 லிட்டர், முக்கால்வாசி அக்ரோபோரா என்ற கிளைப் பவளம். எலும்பு கட்ட அது ஒரு நாளைக்கு 1.2 கேஹெச் (நீரின் கார்பனேட் அளவு) தின்னும். லிட்டருக்கு 80 கிராம் சோடியம் கார்பனேட் கரைத்த நீர் நாளைக்கு 85 மி.லி., 24 பங்காகச் சொட்டுகிறது. குழாய் புதிதாக இருக்கும் வரை தினமும் ஒரே நேரத்தில் சோதித்தால் கேஹெச் 8.0, மிஞ்சினால் 8.2. கையால் ஊற்றி இந்த நிதானத்தை எட்டவே முடியாது.

கோபம் அந்தக் குழாய் மேல்தான். தலைக்குள் உருளைகள் அழுத்தி அழுத்தித் தள்ளும் சிலிகான் துண்டு அது. எட்டு, பத்து மாதத்தில் நசுங்கிய இடம் வெளுத்து, கழற்றிப் பார்த்தால் சப்பையாகவே நிற்கும்; பழைய வட்டத்துக்குத் திரும்பாது. திரும்பாத குழாய் முழு அளவு உறிஞ்சாது. திரை 85 என்று காட்டும், விழுவது 72. குறைகிற 13 மி.லி. நாளைக்கு 0.18 கேஹெச்; ஒரு வாரத்தில் 1.2க்கு மேல். பம்பு ஓடுகிறது, நீர் சொட்டுகிறது, எச்சரிக்கை ஒன்றும் இல்லை. முதலில் சொல்வது பவளம்தான்: கிளை நுனியின் வெளிர் ஓரம் மறையும், பாலிப்புகள் (பவளத்தின் சிறு பூப்போன்ற உயிர்கள்) உள்ளே போகும்.

இதைவிட மோசம், தவறாகச் சரிசெய்வது. கேஹெச் இறங்குகிறதே என்று அளவை 100க்கு ஏற்றிவைப்போம். பிறகு புதுக் குழாய் வந்ததும் மாட்டிவிட்டு, எண்ணைப் பழையபடி இறக்க மறப்போம். இப்போது உண்மையாகவே 100 விழும்: நாளைக்கு 0.2 கேஹெச் கூடுதல், பத்து நாளில் 2. நைட்ரேட் என்ற சத்து பூஜ்யத்தை ஒட்டியிருக்கும் தொட்டியில் நுனிகள் வெந்து எலும்பு தெரியும். அதனால் திரையில் இருக்கும் எண்ணைத் தொடாதீர்கள்; அளவுத்திருத்தம் (உண்மையில் விழும் அளவைப் பம்புக்குச் சொல்லிக்கொடுப்பது) செய்யுங்கள். மாதம் ஒருமுறை 100 மி.லி. கொடுக்கச் சொல்லி அளவுக் குழலில் பிடியுங்கள். 95க்குக் கீழே போனால் அளவுத்திருத்தமும் வேண்டாம், குழாயையே மாற்றுங்கள். தளர்ந்த குழாய் திருத்திய மறுவாரமே மறுபடி இறங்கும். விரிசல் விட்டால் கரைசல் மோட்டார் அச்சில் இறங்கித் துருவாக்கும். கால்சியம் குளோரைடு கரைசலைத் தள்ளும் தலையில் இன்னும் வேகமாக.

கேஹெச் ஏற்கெனவே விழுந்துவிட்டதா? ஒரே நாளில் தூக்காதீர்கள், 0.5 போதும். 300 லிட்டருக்கு 4.5 கிராம் சோடியம் பைகார்பனேட், அரை லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்து, நீரோட்டம் பலமான இடத்தில் மெதுவாக.

குழாய் முனையையும் வாரம் ஒருமுறை பாருங்கள். கார்பனேட் முனையில் வெள்ளை உப்பு சிறு காளான் போலக் கட்டி வழியை அடைக்கும். வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் கரையும். முனை நீருக்கு மேலேயே இருக்கட்டும். மூழ்கினால், குழாய் கிழிந்த நாளில் தொட்டி நீர் பின்னோக்கி இறங்கும். கால்சியம் சொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் கார்பனேட் சொட்டினால் இரண்டும் பாலாகத் திரிந்து வீணாகும்.

நம் ஊர் ஈரத்துக்கு ஒரு வார்த்தை. கால்சியம் குளோரைடு காற்றில் இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். திறந்த பொட்டலத்தை நிறுத்தால் பாதி தண்ணீரைத்தான் நிறுப்பீர்கள், கரைசல் நீர்த்துப்போகும். வாங்கிய அன்றே இறுகிய மூடிப் புட்டியில் போடுங்கள். கட்டியானதைப் பம்புக் கரைசலுக்கு எடுக்காதீர்கள்.

இவ்வளவு செய்தாலும் குழாய் மட்டும் தனியாகக் கிடைப்பதில்லை. விற்றவரிடம் கேட்டால் தலையையே வாங்கச் சொல்கிறார். ஒரு தலையின் விலையோ முழுப் பம்பு விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. உள்ளே இருப்பதோ 3 மி.மீ. உள்விட்டம், 5 மி.மீ. வெளிவிட்டக் குழாய், அவ்வளவுதான். அதே அளவில் வேறு சிலிகான் போட்டால் சுவர் மிருதுவாக இருந்து வேகமாகச் சப்பையாகிறது. பார்மெட் என்ற ரப்பர் போன்ற குழாய் வகை நெடுநாள் உழைக்கும்; ஆனால் கடினமானது, இந்தச் சின்ன மோட்டார் சில நேரம் திணறி நின்றுவிடுகிறது.

மூன்று வருடத்தில் இந்தப் பம்பால் ஒரு பவளம்கூடச் சாகவில்லை. ஆனாலும் தம்பி, வாங்காதே. குழாயைத் தனியாக விற்கும் பம்பு எதுவோ அதை வாங்கு, இரண்டு தலை இருந்தாலும் போதும். இதை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அளவுக் குழலை எடுத்து இன்றைக்கே ஒரு 100 மி.லி. பிடித்துப் பாருங்கள்.