விளாவும் முன் கேட்க வேண்டும்: டோக்கியோவில் ஒரு செந்தோ

இந்தக் குளியல் கூடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. தொட்டியில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஒன்பதாவது ஆளுக்கு இடம் கிடையாது. அந்த எட்டில் ஐந்து இடம் தினமும் வரும் பாட்டிகளுடையது. அதைப் பிடுங்கி வெளியாட்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. டோக்கியோவின் கிழக்குப் பக்கம், சுமிதா ஆற்றைத் தாண்டி, வீடுகளுக்கு நடுவே இருக்கிறது என்பது போதும். அந்தப் பக்கம் நடந்தால் இதைப் போன்ற வேறு சில கண்ணில் படும். வாசலில் தொங்கும் துணித் திரையில் 'யு' என்ற ஒற்றை ஹிரகானா எழுத்து இருந்தால் அது செந்தோ, அதாவது பேட்டைக்குப் பொதுவான குளியல் கூடம். 'யு' என்றால் வெந்நீர்.

2024 நவம்பரில் வேலைக்காகப் பன்னிரண்டு நாள் அங்கே தங்கினேன். எடுத்திருந்த அறையில் இரண்டாம் நாளே வெந்நீர் நின்றுபோனது. சரிசெய்ய நாலு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு, அறைக்காரர் செந்தோவுக்குப் போகும் வழியை மட்டும் குறித்து அனுப்பினார். அவர் சொன்னபடியே நாலு நாளில் குழாய் சரியானது. அதற்கு அப்புறமும் நான் செந்தோவுக்குத்தான் போனேன். மொத்தம் எட்டு முறை.

அப்போது கட்டணம் 550 யென். 2024 ஆகஸ்ட் முதல் டோக்கியோ முழுக்கச் சாதாரணச் செந்தோக்களில் பெரியவர்களுக்கு இதுதான் விலையாக இருந்தது. கடைக்காரர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. போர் முடிந்த கையோடு 1946இல் வந்த விலைக்கட்டுப்பாட்டு ஆணையின்படி இதன் உச்சவரம்பை ஆளுநர்தான் நிர்ணயிக்கிறார். வீட்டில் குளியலறை இல்லாத குடும்பங்கள் ஏராளமாக இருந்த காலத்தில் குளிப்பது அரிசியைப் போல அத்தியாவசியம். 1968 வாக்கில் நாடு முழுக்கச் சுமார் 18,000 செந்தோக்கள் இருந்தன. வீட்டுக்கு வீடு குளியலறை வந்ததும் ஒவ்வொன்றாக மூடி, இப்போது 2,000கூட இல்லை.

வாசலில் செருப்புப் பெட்டிகள். செருப்பை வைத்து மூடி, மரப் பலகை ஒன்றை உருவினால் பூட்டிக்கொள்கிறது; அந்தப் பலகைதான் சாவி. ஆண்களுக்கு ஒரு கதவு, பெண்களுக்கு ஒரு கதவு. இரண்டுக்கும் நடுவே உயரமான கல்லாவில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். அந்தக் கல்லாவைப் பந்தாய் என்பார்கள். பழைய முறை இது. புதிதாகக் கட்டியவற்றில் விடுதி வரவேற்பறை மாதிரி மேசை போட்டுவிடுகிறார்கள். பணம் கொடுத்தேன். சோப்பும் துண்டும் இருக்கிறதா என்று சைகையால் கேட்டார். இல்லை என்றதும் சின்ன சோப்பு ஒன்றை விற்றார், துண்டை வாடகைக்குத் தந்தார்.

அடுத்தது, எல்லாரும் பயப்படும் இடம். ஒரு நூல் இல்லாமல் களைய வேண்டும். நீச்சல் உடைக்கு அனுமதி இல்லை. துண்டைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போது உள்ளேயிருந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். முதுகு நன்றாக வளைந்திருந்தது, வயிற்றில் நீளமாக ஒரு பழைய தழும்பு. அதை மறைக்க அவர் கை எழவே இல்லை. தலையை லேசாகச் சாய்த்து வணங்கிவிட்டு, தன் அலமாரியைத் திறந்து துவட்டிக்கொள்ள ஆரம்பித்தார். என் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தேன்.

உள்ளே சுவர் முழுக்க ஃபூஜி மலை. 1912இல் டோக்கியோவின் கான்டா பகுதியில் ஒரு குளியல் கூடத்தில் குழந்தைகளுக்காக வரைந்ததில் தொடங்கியது இந்த வழக்கம் என்கிறார்கள். இன்று இதைத் தொழிலாக வரைபவர்களைக் கை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே உள்ள சுவர் கூரைவரை போவதில்லை, எனவே மலையின் ஒரு சரிவு நம்மிடம் இருக்கிறது, மீதி அந்தப் பக்கம்.

தொட்டியில் இறங்கும் முன் உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். இது எல்லா வழிகாட்டியிலும் இருக்கிறது. வழிகாட்டியில் இல்லாதது, உட்கார்ந்து கழுவுவதற்கான குட்டி முக்காலியை எடுத்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவுவது, எழும்போது இன்னொரு முறை கழுவி வைப்பது. என் பக்கத்தில் இருந்தவர் இரண்டையும் நிதானமாகச் செய்தார். கெரோரின் என்ற வலி மருந்தின் விளம்பரம் அச்சிட்ட மஞ்சள் வாளியையும் அப்படியே. 1963 முதல் குளியல் கூடங்களில் புழங்கும் வாளி இது. குழாய்க்கு இங்கே 'கரான்' என்று பெயர். டச்சுச் சொல்லாம். அமுக்கினால்தான் தண்ணீர் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும்.

சரி, இப்போது தொட்டி. வெப்பமானி 43 டிகிரி காட்டியது. கால் விரலை வைத்தேன், சுரீர் என்றது. ஓரத்தில் பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. அதை நோக்கிக் கை நீட்டினேன். தொட்டிக்குள் இருந்த ஒரு பாட்டி உள்ளங்கையைக் காட்டி, கொஞ்சம் பொறு என்றார். தப்பு செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று கை அப்படியே நின்றது. அவர் மற்ற மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்து ஏதோ கேட்டார். அதில் 'உமேரு' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. பிற்பாடு தேடிப் பார்த்தேன், நம்முடைய 'விளாவு' என்பதுதான் அது. மூவரும் தலையாட்டினார்கள். அவரே நகர்ந்து போய்க் குழாயைக் கொஞ்சமாகத் திறந்தார். தண்ணீர் விழும் மூலையில் தன் கையால் துழாவி, இங்கே உட்கார் என்று காட்டினார். நான் உட்கார்ந்ததும் குழாயை மூடிவிட்டார். அந்த மூலை மட்டும் சில நிமிடம் இதமாக இருந்தது. அதற்குள் உடம்பு பழகிவிட்டது.

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் விதி, வெளியாட்களைப் பிடிக்காது என்று கேள்விப்பட்டுப் போனவள் நான். குழாய்க்கு மேலே 'திறக்காதே' என்று ஒரு பலகை இல்லை. குழாயைத் திறக்கலாம், ஆனால் அந்த வெந்நீர் ஏற்கெனவே நாலு பேருடையது. அதைச் சொல்ல அவரிடம் நான் அறிந்த மொழி எதுவும் இல்லாததால் செய்து காட்டினார். கோயில்களும் அருங்காட்சியகங்களும் பார்த்தேன், நன்றாகவே இருந்தன. டோக்கியோ எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தக் குழாய்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அன்று இன்னொன்றும் நடந்தது. சொட்டச் சொட்ட உடை மாற்றும் அறைக்கு வந்துவிட்டேன். கதவுக்கு உள்ளேயே துண்டைப் பிழிந்து, உடம்பை ஒற்றிவிட்டுத்தான் வர வேண்டும். நான் போட்ட ஈரத்தைக் கல்லா அம்மா இறங்கி வந்து துடைத்தார், என் முகத்தைப் பார்க்காமல். மறுநாள் முதல் என்னால் அங்கே ஒரு சொட்டு விழவில்லை.

ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, நடுச்சுவரைப் பார்த்து ஒரு பாட்டி உரக்கக் குரல் கொடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து தாத்தா குரல் 'ம்ம்' என்றது. இருவரும் ஒரே நேரத்தில் வெளியே வருவதற்கான ஏற்பாடு அது. வாசலில் பார்த்தபோது தாத்தா இரண்டு மரப் பலகைகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

குறைகளும் உண்டு. முக்காலிகள் மிகத் தாழ்வு, முட்டி வலி இருப்பவர்கள் சிரமப்படுவார்கள். ஷவர் சுவரோடு பொருத்தியது, கையில் எடுக்க முடியாது. தலைமுடி உலர்த்தியில் 10 யென் நாணயம் இரண்டு போட்டால் மூன்று நிமிடம்தான் ஓடும், நீளமான முடிக்குப் போதாது. ரொக்கம் மட்டுமே வாங்குகிறார்கள். ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பும் கிடையாது. பச்சை குத்தியவர்களைப் பல வெந்நீர் ஊற்று விடுதிகள் உள்ளே விடுவதில்லை. பேட்டைச் செந்தோக்களில் பெரும்பாலும் கேட்பதில்லை, இங்கேயும் கேட்கவில்லை. திறப்பது மாலை 3.30க்கு. அப்போது போனால் தண்ணீர் புதிதாக இருக்கும், சூடும் அதிகம். ஒன்பது மணிக்கு மேல் கூட்டம் குறைவு.

கிளம்பும்போது உள்ளே இருப்பவர்களிடம் 'ஓசாகி நி' என்று சொல்ல வேண்டும், உங்களுக்கு முன்னால் போகிறேன் என்று அர்த்தம். மூன்றாம் நாள் அதைக் கற்றுக்கொண்டு சொன்னபோது தொட்டியிலிருந்து நாலு குரல் பதில் வந்தது. கல்லா அம்மா மட்டும் 'ஓயாசுமி நசாய்' என்பார், நன்றாகத் தூங்கு என்று.

ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் புதன்கிழமை. துண்டும் சோப்புமாகப் போனால் வாசலில் திரை இல்லை. வாரத்தில் அன்று விடுமுறை என்பது மறந்தே போய்விட்டது. கதவுக்குப் பின்னால் யாரோ தரையைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. தட்டலாமா என்று யோசித்தேன். அவர்களுக்கு இருப்பதே வாரத்தில் அந்த ஒரு நாள்தான், தட்டவில்லை. பாட்டிகளிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன்.