புரதத்துக்குப் புளோரின்-19ஆ, நைதரசன்-15ஆ?

கொழும்பில் புரத என்எம்ஆர் (காந்தப்புலத்தில் அணுக்கருக்களின் சமிக்ஞையைக் கொண்டு புரதத்தை ஆராயும் முறை) தொடங்க நினைப்பவர்கள், புரதத்தில் எந்த அணுவைப் பார்ப்பது என்று முதலில் இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். நான் புளோரினைத் தெரிவு செய்தேன், இன்றைக்கும் அதையே சொல்வேன்.

நைதரசன்-15இன் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புரோலின் தவிர ஏறக்குறைய ஒவ்வொரு அமினோ அமிலமும் நிறமாலையில் ஒரு புள்ளியாகத் தெரியும். கட்டமைப்பையே தீர்க்க வேண்டுமென்றால் காபன்-13உம் சேர்த்து அந்த வழியில்தான் போகவேண்டும்.

என் கேள்வி அவ்வளவு பெரிதல்ல: மருந்து மூலக்கூறு ஒட்டும்போது நொதியின் அந்தப் பகுதி அசைகிறதா? ஈகோலை வளரும் ஊடகத்தில், புரத உற்பத்தியைத் தூண்டுவதற்குச் சற்று முன் 5-புளோரோஇண்டோலைக் கலந்தால் போதும். பக்டீரியாவே அதை 5-புளோரோடிரிப்டோபான் (டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தின் புளோரின் ஏற்றிய வடிவம்) ஆக்கிப் புரதத்தில் சேர்த்துவிடும். நாலு டிரிப்டோபான் இருந்தால் நிறமாலையில் நாலு கோடு, −120 பிபிஎம்முக்குச் (கோட்டின் இடத்தைச் சொல்லும் அலகு) சற்றுக் கீழே. எது எந்தக் கோடு? ஒவ்வொரு டிரிப்டோபானாக பினைல்அலனினுக்கு மாற்றிப் பாருங்கள், காணாமல்போவதுதான் அது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது கருவிதான். பெரிய புரதத்தை நைதரசன் வழியில் பார்க்க உயர் காந்தப்புலம், குளிரூட்டிய புரோப் (மாதிரியின் சமிக்ஞையைப் பிடிக்கும் பகுதி), டியூட்டீரியம் (கன ஐதரசன்) எல்லாம் தேவைப்படும். காந்தம் பெரிதானால் திரவ ஹீலியச் செலவும் ஏறும். புளோரின்-19 இயற்கையிலேயே 100 சதவீதம், உணர்திறன் ஐதரசனின் 83 சதவீதம். சேதன இரசாயனக்காரர் பாவிக்கும் 400 மெகாஹேர்ட்ஸ் கருவியில், புரோப் இசைந்தால், 376இல் பார்த்துவிடலாம். அதைவிட முக்கியம், வேதிநகர்வின் (கோட்டின் இடம்) திசைச்சார்பால் வரும் தளர்வு, அதாவது சமிக்ஞை மங்கும் வேகம், காந்தப்புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால் பெரிய காந்தத்தில் புளோரின் கோடுகள் அகன்றுவிடும். நடுத்தரக் காந்தமே பல வேளைகளில் இதற்குப் பொருத்தம்.

சரி, கவனிக்க வேண்டியவையும் உண்டு. புரோப்பில் டெஃப்லான் இருந்தால் அடித்தளத்தில் அகன்ற மேடு எழும். எச்பிஎல்சியில் (திரவத்தைக் கொண்டு கலவையைப் பிரிக்கும் முறை) சுத்தம் செய்த பெப்டைட்டைச் சேர்த்தால் −76 பிபிஎம் பக்கம் டிரைபுளோரோஅசற்றிக் அமிலம் கூராக நிற்கும். அதைப் புரதக் கோடு என்று எடுத்துவிடாதீர்கள். நான் கரையும் நொதிகளோடு மட்டுமே வேலை செய்திருக்கிறேன், மென்சவ்வுப் புரதக்காரர் இதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், புளோரின் ஐதரசனைவிடச் சற்றுப் பெரியது. புளோரின் ஏற்றிய நொதியையும் ஏற்றாததையும் ஒரே நாளில், ஒரே தாங்கற்கரைசலில் வேகம் அளந்து பாருங்கள். வேகம் விழுந்தால் 6-புளோரோஇண்டோலுக்கு மாறிப் பார்க்கலாம்.