ஃப்ரெஷ் ஈஸ்ட்டா, உலர் ஈஸ்ட்டா: வீட்டு பிரெட்டுக்கு எது தோது?

வீட்டில் பிரெட் சுடத் தொடங்குகிறவர்கள் ஓவன், டின், மைதா என்று எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரித்து வாங்குவார்கள். ஈஸ்ட் மட்டும் மளிகைக் கடையில் கைக்கு அகப்பட்ட பாக்கெட்டாக வந்து சேரும். மாவு உப்புவதும் கல்லாகக் கிடப்பதும் பெரும்பாலும் அந்தப் பாக்கெட்டைப் பொறுத்ததுதான். உலர் ஈஸ்ட்டில் ஆக்டிவ் டிரை, இன்ஸ்டன்ட் என்ற இரண்டு வகையையும் நன்றாகப் புழங்கிவிட்டு, இப்போது பேக்கரியில் வாங்கும் ஃப்ரெஷ் ஈஸ்ட்டில் நிலைத்திருக்கிறேன். கோவையில் இருக்கும் எனக்கு அது ஏன் சரிப்படுகிறது, யாருக்குச் சரிப்படாது என்பதைச் சொல்கிறேன்.

மூன்றும் ஒரே உயிர்தான்: சாக்கரோமைசஸ் செரிவிசியே என்ற நுண்பூஞ்சை. வித்தியாசம் ஈரத்தில். பேக்கரிக்காரர்கள் வாங்கும் ஃப்ரெஷ் ஈஸ்ட், சோப்புக் கட்டி மாதிரி அரைக் கிலோ பாளமாக, தாளில் சுற்றி வரும். அதில் 70 சதவீதம் தண்ணீர். உலர்ந்த வகைகளில் ஈரம் பத்து சதவீதத்துக்கும் கீழே. அதனால்தான் அளவும் மாறுகிறது. அரைக் கிலோ மைதாவுக்கு ஃப்ரெஷ் என்றால் 10 கிராம், ஆக்டிவ் டிரை என்றால் நாலு, நாலரை கிராம், இன்ஸ்டன்ட் என்றால் மூன்றரை கிராம் போதும்.

ஆக்டிவ் டிரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குருணை குருணையாக இருக்கும், ஒவ்வொரு குருணையின் மேலும் செத்த செல்கள் போர்த்தியிருக்கும். 40 டிகிரி வெதுவெதுப்பில் ஊறவைத்து எழுப்ப வேண்டும். நம் ஊர்ச் சின்ன டப்பாக்களில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். இன்ஸ்டன்ட் கையில் கிடைக்கும்போது இதை வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

உண்மையான போட்டி இன்ஸ்டன்ட்டுக்கும் ஃப்ரெஷ்ஷுக்கும்தான். இன்ஸ்டன்ட் பக்கத்து நியாயம் பெரியது. குளிர்பெட்டி இல்லாத இடத்திலும் ரொட்டி சுட வேண்டும் என்பதற்காகவே இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காக ஃப்ளைஷ்மன் நிறுவனம் உலர் ஈஸ்ட்டை உருவாக்கியது. ஊறவைக்காமல் நேராக மாவில் கலக்கும் இன்ஸ்டன்ட் 1970களில் வந்தது. கெட்டியான வேக்யூம் பாக்கெட்டாக வாங்கி, பிரித்ததும் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி ஃப்ரீசரில் வைத்து, ஈரக் கரண்டி போடாமல் எடுத்தால் மாதக்கணக்கில் உழைக்கும்.

பிறகு ஏன் நான் அந்தப் பக்கம் இல்லை? உலர் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது பார்த்தால் தெரியாது. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாக் கணக்கையும் விட இதுதான் பெரிது.

ஏப்ரல், மே மாதத்தில் நம் மளிகைக் கடைகளின் அலமாரி எந்தச் சூட்டில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்னால் குடோனிலும் வேனிலும் எத்தனை நாள் வெந்ததோ. சூடும் ஈரக்காற்றும் பட்ட ஈஸ்ட், நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். ஆனால் நிறம் அதேதான், மணி மணியாக உதிர்வதும் அதேதான். பாதி செத்த பாக்கெட்டும் முழுசாக உயிருள்ள பாக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் பிடிபடாது. பெரிய பாக்கெட்டைப் பிரித்துச் சின்ன பிளாஸ்டிக் கவரில் கட்டி, தேதியே இல்லாமல் விற்கிறார்களே, அதைத் தொடவே வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடத்தில் நுரை கட்டுகிறதா என்று சோதிக்கலாம்தான். ஆனால் நேராக மாவில் கொட்டலாம் என்பதற்காகவே இன்ஸ்டன்ட்டை வாங்குகிறவர்கள் அதை ஏன் செய்யப்போகிறார்கள்? நுரை வந்தாலும் முழு பலத்தோடு இருக்கிறதா, அரை பலமா என்பது அதில் தெளிவாகத் தெரியாது.

ஃப்ரெஷ் ஈஸ்ட் எதையும் மறைக்காது. நல்ல துண்டு, லேசாகச் சாம்பல் ஓடிய தந்த நிறத்தில் இருக்கும். இரண்டு விரலால் உடைத்தால் பட்டென்று வெடித்துப் பொலபொலவென்று உதிரும். உடைந்த இடம் சொரசொரப்பாக, புதிதாக இருக்கும். மோந்து பார்த்தால் மெல்லிய பழ வாசனை. பழசானால் ஓரம் பழுப்பேறி வெடிக்கும். இன்னும் பழசானால் உதிராமல் கையில் பிசுபிசுவென்று இழுகி, நாற்றம் அடிக்கும். கடையிலேயே உடைத்து, மோந்து, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு பிரெட்டுக்கு மைதா, வெண்ணெய், பால், கரண்ட், மூன்று மணி நேரம் எல்லாம் போடுகிறோம். அத்தனையும் பந்தயத்தில் இறங்குவதற்கு முன்னால் பதில் தெரிந்துவிடுகிறது.

நம் வெயிலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பிரெட் மாவு 25, 26 டிகிரியில் இருந்தால் நிதானமாக உப்பும். மே மாதத்தில் மைதாவே 33, 34 டிகிரியில் இருக்கிறது. பிசையப் பிசைய இன்னும் ஏறும். மாவு சட்டென்று பொங்கி, சாராய நெடி அடித்து, சுட்டால் பொருபொருவென்று உதிர்கிற பிரெட் வரும். வழி ஒன்றுதான்: ஜில்லென்ற தண்ணீர் விட்டுப் பிசைவது. உலர் ஈஸ்ட்டின் மேல் நேராகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் செல்லுக்குள் இருப்பது வெளியே கசிந்து பலம் குறையும், மாவும் தளர்ந்துபோகும். இன்ஸ்டன்ட்டை முதலில் மைதாவில் நன்றாகக் கலந்துவிட்டுத் தண்ணீர் விட்டால் ஓரளவு சமாளிக்கலாம். ஃப்ரெஷ்ஷுக்கு இந்தக் கவலை இல்லை. ஏற்கெனவே ஈரத்தில் இருப்பதால் குளிர்ந்த தண்ணீரிலேயே விரலால் கரைத்து ஊற்றிவிடலாம்.

சரி, எங்கே கிடைக்கும்? கேக் சாமான் விற்கும் கடைகளில் அரைக் கிலோ பாளமாகக் கிடைக்கலாம். ஆனால் அது ஐம்பது பிரெட்டுக்கு வரும். வீட்டு ஃப்ரிட்ஜில் நல்ல நிலையில் இருப்பதோ இரண்டு, மூன்று வாரம். தினமும் சுடுகிறவர்களைத் தவிர யாருக்கும் கட்டாது. பேக்கரியில் கேட்பதுதான் சரி. ஆனால் எல்லா பேக்கரியிலும் கிடைக்காது. கோவையில் டீயும் பஃப்ஸும் விற்கிற பேக்கரிகள் பலவற்றுக்குச் சரக்கு வேறெங்கோ இருந்து வேனில் வருகிறது. அங்கே ஈஸ்ட் இருக்காது. பின்னால் ஓவன் ஓடுகிற இடமாகப் பார்த்து, கூட்டம் இல்லாத நேரத்தில் போய், கல்லாவில் இருப்பவரிடம் கேட்காமல் மாஸ்டரிடம் கேளுங்கள். “மாஸ்டர், வீட்ல பிரெட் போடறனுங்க, கொஞ்சம் ஈஸ்ட் கிடைக்குங்களா?” என்றால் பெரும்பாலும் முதலில் வருவது “பிரெட்டுக்கா, பன்னுக்கா?” என்ற கேள்விதான். அதற்குப் பதில் சொன்னால் அளவும் அவரே சொல்லிவிடுவார். காசு வாங்க மறுத்தால் அங்கேயே ஏதாவது வாங்கிக்கொண்டு வாருங்கள். சின்ன நெல்லிக்காய் அளவு துண்டு ஒரு பிரெட்டுக்குப் போதும். பட்டர் பேப்பரில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டு நேராக வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வெளியே வைத்தால் அந்தத் துண்டு தானே சூடேறி, தன் சத்தையே தின்று தீர்க்கும்.

இப்படி வாங்கினால் பாதுகாக்கும் தலைவலி பேக்கரியோடு போகிறது. அவர்களிடம் பாளம் தினமும் தீர்ந்து புதிது வருகிறது. நமக்கு வேண்டியது அன்றைய துண்டு மட்டும்.

ருசிக்காக ஃப்ரெஷ்தான் வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் சொல்ல மாட்டேன். ஒரே மாவை ஒரே நேரம் புளிக்கவிட்டால் எனக்கு நாக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் புளிக்கவிட்டால் எந்த ஈஸ்ட்டிலும் ருசி கூடும். சர்க்கரை அதிகம் போடும் தேங்காய் பன், ஜாம் பன் வகைகளுக்கு, சர்க்கரையைத் தாங்குகிற இன்ஸ்டன்ட் தனியாக விற்கிறார்கள். சாஃப் பிராண்டின் தங்க நிற பாக்கெட் அந்த ரகம். பன் நான் எப்போதாவதுதான் போடுகிறேன் என்பதால் அந்த ஒப்பீட்டில் அழுத்திச் சொல்ல என்னிடம் போதுமான அனுபவம் இல்லை.

நடந்து போகிற தூரத்தில் ஓவன் ஓடும் பேக்கரி இல்லாதவர்களும், நினைத்த நேரத்தில் திடீரென்று மாவு பிசைகிறவர்களும் இன்ஸ்டன்ட்டே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வேக்யூம் பாக்கெட் செங்கல் மாதிரி விறைப்பாக இருக்கும். அமுக்கினால் மெத்தென்று உள்ளே போனால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம், வாங்காதீர்கள். பிரித்த தேதியை பாட்டிலின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மிஞ்சிய ஃப்ரெஷ் ஈஸ்ட்டை ஃப்ரீசரில் வைக்கலாமா என்று கேட்பார்கள். உறைந்து இளகும்போது கொஞ்சம் செல்கள் சாகும், துண்டும் இளகிக் கூழாகும். அப்படி வைத்ததை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தினால் அளவைக் கூட்டிப் போடுவேன். அதைவிட, மிஞ்சியதை அன்றைக்கே இன்னொரு மாவில் கரைத்து, எண்ணெய் தடவிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது மேல். மறுநாள் சாயங்காலம் பீட்சாவுக்கோ நானுக்கோ அந்த மாவு தயாராக இருக்கும்.