பாத்தியா, பையா? சின்னப் பிள்ளைகளின் தோட்டத்துக்கு எது?

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளோடு இரசாயன உரமில்லாமல் மரக்கறித் தோட்டம் போட நினைக்கும் ஆசிரியர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நான் இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறேன்.

பை தொடங்குவதற்குச் சுகம். கொத்தத் தேவையில்லை. தரம் 1 பிள்ளைக்குக்கூட 'இது என்ரை கண்டு' என்ற சொந்தம் வந்துவிடும். கார்த்திகை மழைக்கு விறாந்தை ஓரம் நகர்த்தலாம். ஆனால் பங்குனி வெயிலில் பை மண் படுவேகமாகக் காயும். வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனால் திங்கள் காலை வெண்டிக்கன்று தலை தொங்கி நிற்கும். வளர்த்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. பழைய உரப்பை என்றால் இன்னும் மோசம். வெயிலில் இற்று வெள்ளை இழைகளாகப் பிரியும். கீரை பிடுங்கிய ஒருத்தி, மண்ணோடு வந்த இழையைக் காட்டி, "ரீச்சர், இதுவும் வேரோ?" என்று கேட்டாள். அன்றோடு உரப்பையை விட்டுவிட்டேன்.

பாத்திக்குத் தொடக்கத்தில் பாடு அதிகம். யாழ்ப்பாணத்தில், எங்கள் வலிகாமத்துச் செம்மண்ணில் பனையோலையும் பூவரசங் குழையும் தாட்டு, மாட்டெரு போட்டுக் காத்திருக்க வேண்டும். சில மாதம் கழித்துக் கொத்தினால், கறுத்து உக்கிய ஓலைக்குள் மண்புழு நெளியும். பிள்ளைகள் வட்டமாகக் குந்திவிடுவார்கள். பிறகு மணி அடித்தாலும் எழும்ப மாட்டார்கள்.

எனக்குப் பெரிய காரணம் கிணறுதான். ஆண்டு முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாடு இது. பாத்தியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, "எங்கே போனது?" என்று கேளுங்கள். கீழே சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, நாங்கள் அள்ளிக் குடிக்கும் கிணற்றுக்குத்தான் அது போகிறது. யூரியாவை அள்ளிப் போட்டால், அது மண்ணில் மாறி உண்டாகும் நைத்திரேற்று என்ற உப்பும் அதே வழியில் இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. இங்கே தோட்டப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டிவிட்டது. இயற்கைப் பசளை ஏன் என்பதைப் பையை வைத்து இப்படிக் காட்ட முடியாது.

மண் உவர் என்றாலோ முற்றம் முழுக்கச் சீமெந்து என்றாலோ பைதான் வழி. சரி, துணிச்சாக்கோ மண்சட்டியோ எடுங்கள். மற்ற இடங்களில் பாத்தியே என் தெரிவு. மாரியில் அதை உயர்த்திக் கட்டுங்கள்.

எதில் நட்டாலும் தவணையைக் கணக்கிடுங்கள். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் வரும், வெண்டி ஒன்றரை, இரண்டு மாதத்தில் காய்க்கும். கத்தரியை முதல் முறையே நடாதீர்கள். அது நன்றாகக் காய்க்கத் தொடங்கும்போது விடுமுறை வந்துவிடும், பறிக்கப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.