கிருபையா கிரியையா: ஆன்லைன் கோர்ஸ் எப்படி இருந்துச்சு
கிறிஸ்தவத்துல இரட்சிப்பு (பாவத்துலேர்ந்து மீட்பு) கிருபையாலயா, அதாவது தேவன் இலவசமா தர்ற தயவாலயா, இல்ல கிரியையாலயா, அதாவது நம்ம முயற்சியாலயானு ஒரு ஆன்லைன் கோர்ஸ், முடிச்சுட்டேன். பழங்கால கிறிஸ்தவ போதகர்கள் பெலேஜியஸ், அகஸ்டின் சண்டை பாடம் தான் செம, மனுஷன் நினைச்சா பாவமில்லாம வாழலாம்னு பெலேஜியஸ் சொல்ல, அட அந்த நினைப்பு வர்றதுக்கே கிருபை வேணும்னு அகஸ்டின் மல்லுக்கட்ட, கடைசில 418ல கார்த்தேஜ்ல கூடுன பிஷப்புகள் சங்கம் பெலேஜியஸ் பக்கத்த தப்புன்னு தள்ளிடுச்சு. கிருபையால இரட்சிக்கப்பட்டீங்கன்னு சொல்ற பைபிள் வசனம் எபேசியர் 2:8 பொறுமையா விளக்குனாங்க, ஆனா விசுவாசம் மட்டும் போதாது, கிரியையாலயும் நீதிமானாகுறான்னு சொல்ற யாக்கோபு 2:24 வந்ததும் ரெண்டே நிமிஷத்துல தாண்டிட்டாங்க, எல்லாரும் கேக்குற டவுட்டே அதுதானே! பிலிப்பியர் 2:12, 13 ரெண்டையும் சேர்த்து வாசிக்க வெச்சது சூப்பர், முதல் வசனம் பிரயாசப்படச் சொல்லுது, அடுத்ததே அந்த விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குறது தேவன்தான்னுது. கடைசில க்விஸ் பாஸானாதான் சர்டிபிகேட்டாம், கிருபை கோர்ஸுக்கு மார்க்கு, சிரிச்சுட்டேன். 4 ஸ்டார்.