எச்சிஐகான்ஃபிக்கா, புளூடூத்சிடிஎல்லா?

புதுச்சேரியில் லினக்ஸ் கற்கும் மாணவர்கள் கட்டளை வரியிலிருந்து புளூடூத்தை அமைக்க முற்படும்போது, பழைய குறிப்புகளில் எச்சிஐகான்ஃபிக் (hciconfig), எச்சிஐடூல் (hcitool) ஆகிய கருவிகளையே இன்னமும் காண நேரிடுகிறது. இயங்குதளத்தின் மையமான கர்னலோடு நேரடியாகப் பேசும் இவை, கணினியின் புளூடூத் வன்பொருளான அடாப்டரின் முகவரியையும் நிலையையும் ஒரே கட்டளையில் காட்டிவிடும். ஆயினும் 2017இல் லினக்ஸின் புளூடூத் மென்பொருள் தொகுப்பான புளூஸீயின் (BlueZ) 5.44 பதிப்பு வெளியானபோதே இவை வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்பட்டுவிட்டன.

புதிய கருவியான புளூடூத்சிடிஎல்லோ (bluetoothctl), பின்னணியில் இயங்கும் புளூடூத்டி சேவையின் வழியாகச் செயல்படுவதால், 'பேர்' (pair) கட்டளையால் இணைத்த விசைப்பலகையின் மறைகுறியாக்கச் சாவியை அந்தச் சேவையே சேமித்துவைக்கிறது. 'டிரஸ்ட்' (trust) என்றும் கொடுத்துவிட்டால், கணினியை மறுபடி தொடங்கிய பின்னும் அச்சாதனம் அனுமதி கேட்காமலே இணையும். பழைய கருவிகளோ இச்சேவையைக் கடந்து அடாப்டரைத் தொடுவதால், இரண்டையும் கலந்து பயன்படுத்துவது குழப்பத்துக்கே வழிவகுக்கும். அன்றாட அமைப்புக்குப் புதியதையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். அடாப்டர் இயங்கவே மறுத்தால், எந்தக் கருவியானாலும், ரேடியோ முடக்கப்பட்டுள்ளதா என்பதை முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' (rfkill list) கட்டளையால் பார்த்துவிட வேண்டும்.